பிரான்சின் கிராமப்புறத்தில் சைக்கிள் பயணம்: வெள்ளைக் கோடுகளைத் தேர்ந்தெடுங்கள்

பிரான்சின் கிராமப்புறத்தில் சைக்கிளில் சுற்றுவதாக இருந்தால், மிஷ்லன் நிறுவனத்தின் சாலை வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள் நிறச் சாலைகளைத் தவிர்த்து, வெள்ளையாகக் காட்டப்பட்டிருக்கும் சாலைகளை மட்டும் கோத்து உங்கள் பாதையை அமைத்துக்கொள்ளுங்கள். ஊர்களை இணைக்கும் முக்கியப் போக்குவரத்தைச் சிவப்புச் சாலைகளும் மஞ்சள் சாலைகளும் தாங்கிக்கொள்வதால், வயல்களுக்கும் சிற்றூர்களுக்கும் இடையே செல்லும் வெள்ளைச் சாலைகளில் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களின் கார்களும் டிராக்டர்களுமே வருகின்றன. அவையும் பெரும்பாலும் தார்ச்சாலைகளாகவே இருப்பது சைக்கிள்காரருக்குப் பெரும் வரம். வரைபடத்தில் சாலையின் மேல் சிறு அம்புக்குறிகள் தெரிந்தால் அங்கே செங்குத்தான ஏற்றம் உண்டு என்று பொருள். அம்பு ஏறும் திசையைக் காட்டும், ஒன்றுக்கு மேல் இருந்தால் ஏற்றம் இன்னும் கடுமையானது.

சாலை எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். 'டி' என்று தொடங்கும் மாவட்டச் சாலைகளில் எண் பெரிதானால் சாலை அமைதியானது என்பது பொதுவாகச் சரிதான் என்றாலும், 2006 வாக்கில் பல தேசியச் சாலைகள் மாவட்டங்களிடம் ஒப்படைக்கப்பட்டுப் புதிய எண் பெற்றன. அதனால் எண் பெரிதாக இருந்தும் அவற்றில் போக்குவரத்து அதிகம் இருக்கலாம். பர்கண்டிப் பகுதியின் டி906 அப்படிப்பட்ட பழைய தேசிய நெடுஞ்சாலைதான். பெருநகரங்களை ஒட்டிய பகுதிகளிலும், ஒரே சாலை மட்டும் செல்லும் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளிலும் வெள்ளைச் சாலைகளைக் கோக்கும் இந்த வழி உதவாது.