வேரில் இருந்தது கோளாறு

3 வாரமாக மண்டையைக் குடைந்த விஷயம் ஒருவழியாகத் தீர்ந்தது. மதுரை திருநகரில் எங்கள் மொட்டை மாடியில் 8 தொட்டி காசித்தும்பை. சாண் உயரத்தோடு நின்றுவிட்டன. மொட்டு விரியாமலே உதிர்ந்தது. மண் ஈரமாக இருந்தும் 11 மணிக்கே இலை தொங்கும், சாயங்காலம் நிமிரும்.

வெயில்தான் என்று நிழல்வலை கட்டினேன். மாற்றமில்லை. "உரம் பத்தலைக்கா" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். டிஏபி போட்டதில் இலை ஓரம் கருகியதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு செடியைப் பிடுங்கி வேரை வாளித் தண்ணீரில் அலசினேன். வேர் நெடுக மிளகு மிளகாக வீக்கம். தட்டாம்பயறு வேரிலும் முண்டு இருக்கும், ஆனால் நகத்தால் தள்ளினால் உதிர்ந்துவிடும். இது உதிரவில்லை, வேரே பருத்திருந்தது. வேர்முடிச்சு நூற்புழு! மண்ணிலிருந்து வேருக்குள் புகுந்து வீங்க வைக்கும் நுண்புழு. போன வருஷத் தக்காளித் தொட்டி மண்ணையே திரும்பப் போட்டது என் சிக்கனம்.

செடிகளை எரித்தேன். அழகர் ஆற்றில் இறங்கிய வாரம் வெயில் சூட்டில் புழு சாகட்டும் என்று மண்ணைப் பரப்பி, நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளால் இறுக்கி மூடினேன். கறுப்புத் தாளில் மண்ணுக்குள் அவ்வளவு சூடு ஏறாது. ஆனி பிறந்ததும் எடுத்து, தொட்டிக்கு 2 கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்தேன். ஆடியில் போட்ட விதை, ஆவணிக் கடைசியில் ரோஸ் நிறத்தில் பூத்தது.