தெளிந்த வட்டமெல்லாம் ஃபேஜ் அல்ல

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினால் கேமராக்காரர்கள் முதலில் வருவார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி பிள்ளைகள் பாட்டிலோடு வருவார்கள். பெங்களூரின் சாக்கடையைச் சுமந்து வரும் தென்பெண்ணை, ஃபேஜ் தேட நல்ல இடம்தான். பாக்டீரியா மண்டிக் கிடக்கும் இடத்தில்தானே அதைக் கொல்லும் வைரஸான ஃபேஜும் இருக்கும். ஆண்டிபயாடிக்குக்கு மசியாத கிருமியை அதன் பரம எதிரியைக் கொண்டே அழிக்கலாம் என்ற ஆசை யாரைத்தான் விடும்? ஆனால் ப்ராஜெக்ட் சீசன் வந்தால் போதும், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த கூத்தையே கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பிள்ளைகள் திரும்பவும் செய்கிறார்கள். லேபிள் ஒட்டு, கிளவுஸ் போடு என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

ஸ்பாட் தெளிந்ததும் துள்ளுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

பாலக்கோட்டுப் பக்கத்து மாணவி ஒருவர். சர்க்கரைப் புண்ணிலிருந்து எடுத்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் அடங்காதது. அதைப் பிளேட்டில் புல்தரை மாதிரி (லான்) பரப்பி, வடிகட்டிய சாக்கடைத் தண்ணீரை ஒரு சொட்டு (ஸ்பாட்) வைத்திருக்கிறார். மறுநாள் காலை போன் வந்தது.

"சார், ஃபேஜ் கெடச்சிருச்சு!"

"டைல்யூஷன் போட்டியாம்மா?"

"ஸ்பாட்டே இவ்ளோ க்ளியரா இருக்கே சார்."

பிளேட்டைக் கொண்டுவரச் சொல்லி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். தெளிவு என்று சொல்ல முடியாது, மங்கலாக, அடியில் மெல்லிய படலம் தெரிந்தது. பக்கத்திலேயே நூறு மடங்கு நீர்த்த சொட்டை வைக்கச் சொன்னோம். அடுத்த நாள் அந்த இடத்தில் ஒரு பிளாக்கூட (ஃபேஜ் பெருகிய இடத்தில் வரும் தெளிந்த புள்ளி) இல்லை. ஆனால் அதற்குள் மாதிரி சீக்வென்சிங்குக்குப் போயாகிவிட்டது, வீட்டில் கடன் வாங்கிக் கட்டிய பணத்தில். வந்த ரிப்போர்ட்டில் இருந்ததெல்லாம் பாக்டீரியா டி.என்.ஏ.தான்.

வட்டம் தெளிந்தால் ஃபேஜ் பெருகியிருக்கிறது என்று பொருளில்லை. மாதிரியில் மிஞ்சிய பாக்டீரியாவைக் கொல்ல குளோரோஃபார்ம் போட்டுவிட்டுச் சரியாக ஆவியாக விடவில்லையென்றால் அதுவே கொன்றிருக்கும். ஒரு பாக்டீரியா இன்னொன்றைக் கொல்லச் சுரக்கும் பாக்டீரியோசினும் இதே மாதிரி வட்டம் காட்டும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவில் பையோசின் என்ற பாக்டீரியோசின் இந்த விளையாட்டை அடிக்கடி காட்டுகிறது. மூன்றாவது, ஃபேஜே இருந்தும் ஏமாற்றுவது: கணக்கில்லாமல் ஃபேஜ்கள் ஒரே நேரத்தில் வந்து ஒட்டி உறையைத் துளைத்தால், உள்ளே ஒரு குஞ்சுகூடப் பொரியாமலேயே பாக்டீரியா வெடித்துவிடும். விஞ்ஞானி மாக்ஸ் டெல்ப்ரூக் 1940-லேயே இதைத் தனியாகப் பிரித்துக் காட்டிவிட்டார். சொட்டு வைத்த இடத்தில் நடக்கும் இந்தச் சாவு, நோயாளியின் புண்ணில் நடக்காது. அங்கே ஃபேஜ் பெருகியாக வேண்டும்.

கிளெப்சியெல்லாவில் இன்னொரு வம்பும் உண்டு. அதன் ஃபேஜ்கள் பலவற்றில் டீபாலிமரேஸ் என்ற நொதி இருக்கும். அது பாக்டீரியாவின் மேலிருக்கும் வழவழப்பான கேப்சூலை உரித்துவிடும், உயிரை எடுக்காது. பிளாக்கைச் சுற்றி மங்கலான வளையம் தெரிவது அதனால்தான். அந்த மாணவி பார்த்ததும் பெரும்பாலும் இதுதான்.

செய்ய வேண்டியது புதிதொன்றுமில்லை. பத்துப் பத்து மடங்காக நீர்த்து, 45 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும் சாஃப்ட் அகாரில் கலந்து ஊற்றி, தனித்தனிப் பிளாக்காக எண்ணும் வரை போக வேண்டும். அதில் ஒரே பிளாக்கைக் குத்தியெடுத்து மறுபடி பிளேட் போட வேண்டும், இப்படி மூன்று தடவை. பிறகு அதே நீர்த்த கரைசலை, ஃபேஜை வளர்க்கப் பயன்படுத்திய பாக்டீரியா ஸ்ட்ரெய்னிலும் (ரகத்திலும்) நோயாளியின் ஸ்ட்ரெய்னிலும் போட்டு எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். இங்கே கோடி, அங்கே ஆயிரம் என்று வந்தால் அந்த ஃபேஜ் அந்த நோயாளிக்கு உதவாது. ஸ்பாட் என்பது விண்ணப்பம் போட்டது மாதிரிதான், வேலை கிடைத்ததாகாது.

டைட்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு மறப்பது

டைட்டர் என்பது மில்லிக்கு எத்தனை உயிருள்ள ஃபேஜ் என்ற எண்ணிக்கை. இந்தத் தப்பு பெரிய இடத்திலும் நடந்தது. பிரான்சும் பெல்ஜியமும் சேர்ந்து தீப்புண் நோயாளிகளிடம் நடத்திய ஃபேகோபர்ன் சோதனையில் 12 ஃபேஜ்களின் கலவை. மில்லிக்கு 10 லட்சம் ஃபேஜ் போய்ச்சேர வேண்டும் என்பது திட்டம். தயாரித்த பின் வீரியம் சரிந்து, நோயாளிகளுக்குப் போனது மில்லிக்கு 10 முதல் 100 வரைதான். மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்வதற்கு முன் மருந்து இருந்ததா என்று பார்க்க வேண்டாமா?

ஃப்ரீசரில் வைப்பது

ஃபேஜைக் கிளிசரால் சேர்க்காமல் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். 4 டிகிரி ஃபிரிட்ஜே போதும்.

கலங்கிய பிளாக்கைத் தேர்ந்தெடுப்பது

வேண்டாம். அது பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் மரபணுவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் ரகமாக இருக்கலாம். காலராவின் நச்சுக்கான மரபணுவைச் சுமப்பதே அப்படிப்பட்ட ஒரு ஃபேஜ்தான்.

ஒரே ஃபேஜ், ஆண்டிபயாடிக்கும் நிறுத்தம்

2016-ல் சான் டியேகோவில் அசினெட்டோபாக்டர் என்ற கிருமியிடமிருந்து பிழைத்த டாம் பேட்டர்சனின் கதையைப் படித்துவிட்டு வருபவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். அவருக்குக் கொடுத்தது கலவை, ஆண்டிபயாடிக்கோடு சேர்த்து. அப்படியும் கிருமி முதல் கலவைக்கு எதிர்ப்புக் காட்டியது, புதுசாகத் தேடினார்கள்.

லைசேட்டை அப்படியே புண்ணில் ஊற்றலாமா?

கூடாது. லைசேட் என்பது ஃபேஜ் வெடிக்கவைத்த பாக்டீரியாவின் சாறு. கிளெப்சியெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியா வெடித்த சாற்றில் எண்டோடாக்சின் என்ற நச்சு நிறைய இருக்கும். ரத்தத்தில் கலந்தால் காய்ச்சல், ரத்த அழுத்தம் சரிவு என்று உயிருக்கே வினையாகும். அரூரிலிருந்து ஒருவர் அப்பாவின் காலைக் காப்பாற்ற வேண்டும் என்று லேப் வாசலில் நின்று கெஞ்சினார். கொடுக்கவில்லை. சீட்டு காட்டி மருந்துக்கடையில் வாங்கும் ஃபேஜ் மருந்து நம் நாட்டில் இன்னும் இல்லை, சர்ஜனைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

ஐசோலேட்டை (நோயாளியிடமிருந்து பிரித்த கிருமியை) கேட்டு வாங்காமல் விடுவது

அந்த அரூர்க்காரரிடம் அப்பாவின் கல்ச்சர் ரிப்போர்ட் இருந்தது, கிருமி இல்லை. ரிப்போர்ட் கொடுத்ததும் பிளேட் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போய்விடும். அந்தக் கிருமியே கையில் இல்லாமல் எந்த ஃபேஜையும் சோதிக்க முடியாது. எடுத்து வைக்கச் சொல்லி மருத்துவர் முதல் நாளே லேபுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.