செட்டிநாட்டு மானாவாரிச் செம்மண்ணில் குறைந்த உழவு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் செம்மண்ணை ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுதால் அடியில் கடினத்தட்டு, அதாவது இறுகிப்போன மண் அடுக்கு விழும்; மழைத்தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது. முதலில் அதை உடையுங்கள். கோடையில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது மண்ணைப் புரட்டாமல் ஆழமாகப் பிளக்கும் உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டவேண்டும். ஈரத்தில் ஓட்டினால் தட்டு பிளக்காது, கீறல்தான் விழும். 3 ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

அதன்பிறகு புரட்டிப்போடும் உழவே வேண்டாம். வரகை அறுக்கும்போது நாலு விரல் உயரத்துக்கு அடித்தட்டையை நிற்கவிட்டு, ஐப்பசி மழையில் விதைவரிசையை மட்டும் கீறி உளுந்து போடுங்கள். வரகுத் தாள் மூடாக்காக மூடிய இடத்தில் மழை அறைந்து மண் ஏடு கட்டாது. முளை முட்டிக்கொண்டு நிற்காது. காய்ந்த தாள் மட்கும்போது மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும், அடியுரத்தைத் தவறவிடாதீர்கள். களை கூடுதலாகத்தான் வரும்: விதைத்த 15, 30ஆம் நாள் கைக்களை எடுக்கவேண்டும். கோடையில் ஆடு புகுந்தால் மூடாக்கு மொத்தமும் போச்சு. வேலி முள்ளை முன்பே வெட்டிவையுங்கள்.