சானல்கரை ரோட்டுக்குக் காசு கேட்பது எப்படி?

முதலில் அந்த ரோடு யாருடையது என்று கண்டுபிடியுங்கள். மனு எழுதுவதெல்லாம் அப்புறம். குமரி மாவட்டத்தில் இது லேசுப்பட்ட வேலை இல்லை. தோவாளை சானல், அனந்தனார் சானல், பட்டணங்கால் என்று எந்தப் பாசனக் கால்வாய்ப் பக்கம் போனாலும் கரைமேல் ஒரு ரோடு ஓடும். கரை நீர்வளத் துறைக்குச் சொந்தம், மேலே தார் போட்டது மட்டும் ஊராட்சியாக இருக்கும். எங்கள் ஊர் ரோட்டுக்காக இரண்டு வருஷம் ஒரே அலுவலகத்துப் படியேறினோம், கடைசியில் ஒருவர் டீ குடித்துக்கொண்டே "இது எங்க ரோடே இல்லியே" என்றார். அந்த இரண்டு வருஷம் உங்களுக்கு மிச்சமாகட்டும்: சர்வே எண்ணை வைத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டை (எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் பதிவேடு) பாருங்கள். சானல் புறம்போக்கு என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் எஸ்டிமேட் நகராது.

சரி, உள்ளாட்சி ரோடுதான் என்று தெரிந்துவிட்டது. மாவட்டத்தில் 9 ஒன்றியங்களில் 95 கிராம ஊராட்சிகள்தான், பேரூராட்சிகள் எக்கச்சக்கம். பேரூராட்சி என்றால் செயல் அலுவலரைப் பாருங்கள். கிராம ஊராட்சி என்றால் கிராம சபை. ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) இருப்பார்கள், உங்களுக்கு வேண்டியவர் 'கிராம ஊராட்சி' என்று பலகையில் போட்டிருப்பவர். சபையில் கையெழுத்து போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர், சர்வே எண் என்ன என்பதெல்லாம் தீர்மானத்தில் ஏறிய பிறகு நகலோடு கிளம்புங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேராவது வந்திருக்க வேண்டும், அதையும் கவனியுங்கள்.

மனுவில் எல்லோரும் "குண்டும் குழியுமாக உள்ளது" என்றுதான் எழுதுகிறார்கள். படிக்கிறவருக்கு அது பழகிப்போன வரி. அந்த ரோட்டால் யாருக்கு எவ்வளவு வருமானம் போகிறது என்று எழுதுங்கள். தோவாளைச் சந்தைக்கு விடிவதற்குள் போகவேண்டிய பிச்சிப்பூ, குலசேகரத்துக்குப் போகும் ரப்பர் ஷீட், தேங்காப்பட்டணம் துறைமுகத்திலிருந்து ஐஸ் பெட்டியோடு வரும் மீன் வண்டி, உங்கள் ஊரில் எதுவோ அது. மூன்று நாள் விடியற்காலையில் ஆளுக்கு ஒரு நோட்டோடு ரோட்டோரம் உட்கார்ந்து வண்டிகளை எண்ணுங்கள். டெம்போ உள்ளே வராததால் ஆட்டோவில் மாற்றி ஏற்ற ஒரு நடைக்கு எவ்வளவு கூடுகிறது என்று வியாபாரிகளிடம் கேட்டு எழுதுங்கள். ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும்.

காசு எங்கே இருக்கிறது? சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் பங்கு கேட்டு வருகிற ஊர்களை நினைத்தால் ஒரு சிறு ரோட்டுக்கோ கல்வெர்ட்டுக்கோதான் ஆகும். பாலம் என்றால் நபார்டு (ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) கடன் வழிதான் பொருந்தும். ஊரில் வெளிநாட்டுப் பணம் இருந்தால் நமக்கு நாமே திட்டத்தை யோசிக்கலாம், மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதியை அரசு போடும். வெளிப்படையாகச் சொன்னால் எனக்கு இதுதான் பிடிக்கும், காசு போட்டவன் வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்பான்.

ஆனால் பணம் வந்தும் திரும்பிப் போன ரோடுகள் உண்டு, காரணம் மதில். நம் ஊரில் வீடு விளைக்குள் (தோட்டத்துக்குள்) இருக்கும், மதில் ரோட்டைத் தொட்டு நிற்கும். அகலப்படுத்த ஒரு அடி விட யாருக்கும் மனசு வராது. எஸ்டிமேட்டுக்கு முன்பே வீடு வீடாகப் பேசி, விட்டுக்கொடுப்பவரிடம் ஊராட்சி பெயருக்குத் தானப்பத்திரம் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை ஜே.சி.பி. வந்த அன்றைக்கு நிற்காது.

அப்புறம் காலக்கணக்கு. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் நமக்கு உண்டு, தார் போடத் தோதான நாட்கள் வருஷத்தில் கொஞ்சம்தான். சானல்கரை என்றால் இன்னொரு சிக்கல்: கோதையாறு பாசனத்தில் ஜூன் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை தண்ணீர் ஓடும், பக்கச்சுவர் கட்டத் தண்ணீர் அடைத்த பிறகு மார்ச்சில்தான் தொடங்க முடியும், நிதியாண்டோ மார்ச் 31-ல் முடிகிறது. ஆகவே மே 1 சபையிலேயே தீர்மானம் போட்டு, டிசம்பருக்குள் பணி ஆணை வரும்படி துரத்துங்கள். சுவர் முதலில், தார் கடைசியில் என்று ஒன்றியப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் சுவருக்குத் தோண்டும்போது புதுத் தாரும் சேர்ந்து சானலுக்குள் போகும்.