கெம்செக்ஸ் பத்தி ரிசர்ச் பண்றவங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புங்க

லண்டன்ல வாக்ஸால், சோஹோ பக்கம் கே ஆண்கள் நடுவுல போதையோட சேர்ந்து நடக்கற செக்ஸை கெம்செக்ஸ்னு சொல்றாங்க, மெஃபட்ரோன், கிரிஸ்டல் மெத், அப்புறம் 'ஜி'-ன்னு சுருக்கமா கூப்பிடற ஜிஹெச்பி, ஜிபிஎல், இதுங்கதான் அதுல அதிகமா அடிபடும். போன பத்து பதினஞ்சு வருஷமா இதைப் பத்தி ஏகப்பட்ட பேப்பர் வருது. புதுசா தீசிஸ் எழுத வர்றவங்களுக்காகத்தான் இதை எழுதறேன், ஏன்னா இந்த சப்ஜெக்ட்ல மெத்தட்ல ஒரு தப்பு பண்ணா யாரோ ஒருத்தரோட வேலை, வீடு, சிலசமயம் உசிரே போயிடும்.

மொத தப்பு, போதைமருந்து கண்ல பட்டதும் காரணம் கிடைச்சிருச்சுன்னு தேடறதையே நிறுத்திடறது. எய்ட்ஸ் ஆரம்பிச்ச 1981, 82ல, நோய் வந்தவங்கள்ல பலபேர் பாப்பர்ஸ்ங்கற மோந்து பாக்கற போதைமருந்தை மோந்தவங்களா இருந்ததால அதுதான் காரணமோன்னு அமெரிக்காவுல சீரியஸா ஆராய்ஞ்சாங்க, 1983ல பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல வைரஸ் கிடைச்சதும்தான் வழி தெரிஞ்சுது. அன்னிக்கு இருந்த தகவலை வெச்சு அப்படி சந்தேகப்பட்டது நியாயம்தான். ஆனா கிழக்கு லண்டன்ல 2014, 15ல நடந்ததுக்கு எந்த நியாயமும் கிடையாது. ஸ்டீஃபன் போர்ட்ங்கறவன் நாலு இளைஞர்களுக்கு ஜி குடுத்துக் கொன்னான், மூணு உடல் ஒரே சர்ச் வளாகத்துலயும் அதை ஒட்டியும் கிடைச்சுது, அப்பவும் போலீஸ் அதையெல்லாம் சேர்த்துப் பாக்கல. கே பையன், உடம்புல ஜி, அவனே போட்டுக்கிட்டான்னு கதை முடிஞ்சுபோச்சு. அந்த நாலுல மூணு பேரோட சாவுக்கு போலீஸ் தவறுகளும் அநேகமா காரணம்னு 2021ல விசாரணை ஜூரி சொல்லிச்சு. நம்ம பேப்பர்லயும் 'கெம்செக்ஸ் ரிலேட்டட்'னு ஒரு லேபிள் ஒட்டறப்ப இதே வேலையைத்தான் பண்றோமான்னு யோசிங்க.

சாம்பிள் விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். கிளினிக்குக்கு வர்றவங்க உதவி தேடி வர்றவங்க, அவங்களை மட்டும் கேட்டுட்டு எல்லா கே ஆண்களும் இப்படித்தான்னு எழுதக் கூடாது. 2014ல சிக்மா ரிசர்ச்ங்கற ஆய்வுக் குழு கெம்செக்ஸ் பத்தி வெளியிட்ட ஆய்வு தெற்கு லண்டன்ல 30 பேரோட ஆழமா பேசி எழுதினது, அருமையான வேலை, ஆனா அதுல இருந்து சதவீதக் கணக்கு எடுக்க முடியாது.

ரெண்டாவது, தெரியாம உள்ள நுழையறது. 1960கள்ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் பார்க் டாய்லெட்டுகள்ல ஆண்கள் செக்ஸுக்காக சந்திச்சுக்கறதை லாட் ஹம்ஃப்ரீஸ்ங்கற சமூகவியல் ஆய்வாளர், யாராவது வர்றாங்களான்னு காவலுக்கு நிக்கறவர் மாதிரி நின்னு கவனிச்சாரு, அவங்க கார் நம்பரைக் குறிச்சு அட்ரஸ் எடுத்தாரு, ஒரு வருஷம் கழிச்சு தோற்றத்தை மாத்திக்கிட்டு ஹெல்த் சர்வேன்னு சொல்லி அவங்க வீட்டுக்கே போனாரு. அதுல பாதிக்கு மேல கல்யாணம் ஆனவங்கன்னு தெரிஞ்சுது, அந்தக் காலத்து மட்டமான எண்ணங்களை அந்த ஆய்வு உடைச்சது நிஜம். ஆனா அந்த நோட்டுப்புத்தகம் வேற கைக்குப் போயிருந்தா எத்தனை குடும்பம், எத்தனை வேலை போயிருக்கும்? இன்னிக்கு கிரைண்டர் (Grindr)ங்கற கே டேட்டிங் ஆப்ல போலி ப்ரொஃபைல் போட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கறதும் அதேதான், எத்திக்ஸ் கமிட்டி ஓகே சொன்னாலும் எனக்கு ஒப்புதல் இல்ல.

சம்மதம் பத்தி எழுதறப்ப ரெண்டு குறுக்குவழி இருக்கு, போதைல இருந்தா எல்லாமே பலாத்காரம், இல்லன்னா அவனாதான வந்தான் அதனால எல்லாமே சம்மதம். இங்கிலாந்து, வேல்ஸ்ல 2003 பாலியல் குற்றச் சட்டம், முடிவெடுக்கற சுதந்திரமும் திறனும் இருந்து தானா ஒத்துக்கறதுதான் சம்மதம்னு சொல்லுது, ஆனா ராத்திரி முழுக்க ஓடற ஒரு பார்ட்டில அந்தத் திறன் எப்ப போச்சுன்னு உள்ள இருந்தவங்களுக்கே பலசமயம் தெரியாது, அதைப் பேசவிட்டுக் கேக்கணும், அவங்களுக்கு நடந்ததுக்கு நீங்க பேர் வெக்காதீங்க. அதோட, அங்க ஒழுக்கமே இல்லங்கற நினைப்போட போனா கண்ணு முன்னாடி இருக்கறது தெரியாது: யார் எத்தனை மணிக்கு ஜி எடுத்தாங்கன்னு போன்ல குறிச்சு வெக்கறாங்க, மயங்கினவரைத் தனியா விடாம பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருக்காரு, எது ஓகே எது வேணாம்னு முன்னாடியே பேசிக்கறாங்க. இதெல்லாம் எல்லா வீட்லயும் நடக்காது, எங்க நடக்குது, எங்க உடையுதுங்கறதுதான் ரிசர்ச்சே. சந்தோஷத்தைப் பத்தியும் கேளுங்க, ஆபத்தை மட்டும் கேட்டா ஜனங்க டாக்டர்ட்ட சொல்ற பதிலைத்தான் சொல்வாங்க.

கடைசியா டேட்டா. பேரை மாத்தினா போதும்னு நினைக்காதீங்க, இந்த வட்டம் ரொம்பச் சின்னது, ஊரும் தொழிலும் வழக்கமா போற கிளப்பும் சேந்தா யார்னு தெரிஞ்சுடும். ரகசியம் காப்பேன்னு அளவுக்கு மீறி வாக்கும் குடுக்காதீங்க. வட அயர்லாந்து ஆயுதக் குழுக்கள்ல இருந்தவங்க, சாகற வரைக்கும் வெளிய வராதுன்னு நம்பி அமெரிக்காவுல இருக்கற பாஸ்டன் காலேஜோட வாய்மொழி வரலாறு ப்ராஜெக்ட்ல பேசினாங்க, 2011ல கோர்ட் சம்மன் வந்து சில டேப்புகள் போலீஸ் கைக்கே போச்சு. சட்டம் உங்களை எதுவரைக்கும் காப்பாத்தும்னு ரெக்கார்டர் ஆன் பண்றதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, அதைக் கேட்டுட்டு அவர் எழுந்து போனா போகட்டும்.