தாம்பரம் டு வடபழனி: ‘சென்னை ஒன்’ செயலியில் முதல் பயணம்

மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில், ஆட்டோ எல்லாவற்றுக்கும் ஒரே செயலி என்று 2025 செப்டம்பரில் வந்தது ‘சென்னை ஒன்’. எதில் ஏறுவது என்பதை நிறுத்தத்தில் நின்று யோசிக்காமல், வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்பலாம். தாம்பரத்திலிருந்து வடபழனி போவதை வைத்தே பழகிப் பார்ப்போம்.

படி 1: அமைப்பு

செல்பேசி எண்ணைக் கொடுத்து, ஓடிபி போட்டு உள்ளே நுழையுங்கள். இருப்பிட அனுமதி கேட்கும்போது ‘துல்லியமான இருப்பிடம்’ என்பதை அனுமதியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தெரு நிறுத்தத்தைக் காட்டி அலையவிடும்.

படி 2: வழியைத் தேர்ந்தெடுத்தல்

வெறும் ‘தாம்பரம்’ என்று போடாதீர்கள். ‘தாம்பரம் ரயில் நிலையம்’ என்று போடுங்கள். வருகிற வழிகளில் முதலாவதையே அழுத்திவிடாமல், எத்தனை இடத்தில் மாற வேண்டும் என்று பாருங்கள். புறநகர் ரயிலில் போய் கிண்டியில் இறங்கி மெட்ரோ பிடித்தால் அது நீல வழித்தடம். ஆலந்தூர் வந்து, வடபழனி போகும் பச்சை வழித்தடத்துக்கு மறுபடி மாற வேண்டும். அதற்கு ஒரு நிலையம் முன்பே பரங்கிமலையில் இறங்கினால் பச்சை வழித்தடம் அங்கேயே தொடங்குகிறது. ஆலந்தூர், ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர், அடுத்தது வடபழனி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் மிச்சமாவது பெரிய விஷயம்.

படி 3: சீட்டு வாங்குதல்

புறநகர் ரயில் சீட்டை நிலையத்துக்குள் போவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். பரிசோதகரைப் பார்த்த பிறகு சீட்டு எடுப்பதைத் தடுக்க, ரயில்வேயின் காகிதமில்லாச் சீட்டு முறை ஜிபிஎஸ் மூலம் நீங்கள் இருக்கும் இடத்தைப் பார்க்கிறது. நடைமேடையில் நின்று முயன்றால் கிடைக்காமல் போகலாம். அதற்காக முந்தின இரவே வாங்கியும் வைக்காதீர்கள். இந்தச் சீட்டை ரத்து செய்ய முடியாது, கிளம்புவதற்கும் நேரக் கெடு உண்டு. ஸ்கிரீன்ஷாட் செல்லாது, செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும்.

மெட்ரோ கட்டணம் 10 முதல் 50 ரூபாய் வரை. செல்பேசியில் கியூஆர் சீட்டு எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி: 30 ரூபாய்ச் சீட்டு 24 ரூபாய்.

பணம் போய், சீட்டு வராவிட்டால்?

உடனே மறுபடி கட்டாதீர்கள். சீட்டுகள் பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். சில சமயம் தாமதமாக வரும். வராவிட்டால் யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு கவுன்ட்டரில் சீட்டு எடுங்கள். கடைக்காரர், நிறுவனம் போன்றோருக்குச் செலுத்தித் தோல்வியுற்ற யுபிஐ பணம் 5 நாள்களுக்குள் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

படி 4: மெட்ரோ வாயில்

திரை வெளிச்சத்தைக் கூட்டி, கியூஆரை ஸ்கேனரிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடியுங்கள்; கண்ணாடிமேல் அழுத்தினால் படிக்காது. வெளியேறும்போதும் அதே கியூஆர் வேண்டும் என்பதால் பேட்டரி 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவுன்ட்டரில் சீட்டு வாங்குவதே நல்லது.

பேருந்தும் ஆட்டோவும்

வரைபடத்தில் பேருந்துக் குறி நகர்ந்தால்தான் செயலி காட்டும் வருகை நேரத்தை நம்பலாம். சில நிமிடம் அசையாமலே இருந்தால் ஜிபிஎஸ் தகவல் வரவில்லை என்று வைத்துக்கொண்டு அடுத்த பேருந்தைப் பாருங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். பணம் கட்டிச் சீட்டு எடுக்க வேண்டியதில்லை, நடத்துநரிடம் இலவசச் சீட்டு கேட்டாலே போதும். ஆட்டோவில் வண்டி எண்ணைச் சரிபார்த்து ஏறிய பிறகே ஓட்டுநரிடம் ஓடிபி சொல்லுங்கள்.