மிலான் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி

இத்தாலியின் மிலான் நகருக்குப் போக முடிவு செய்தவர்கள், விமானச் சீட்டையும் விடுதியையும் உறுதி செய்வதற்கு முன்பாக, லியோனார்டோ டா வின்சியின் 'இறுதி இராவுணவு' ஓவியத்தைக் காண எந்த நாளில் அனுமதி கிடைக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். நகரத்தின் மற்ற இடங்கள் நம் வசதிக்கு இடம் கொடுக்கும். சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் பழைய உணவுக்கூடத்தில் உள்ள இந்தச் சுவரோவியம் கொடுக்காது. ஈரச் சுண்ணப்பூச்சின் மேல் விரைந்து வரையும் வழக்கத்தை விட்டு, உலர்ந்த சுவரில் நிதானமாகத் தீட்ட லியோனார்டோ விரும்பியதால், 1498 வாக்கில் முடிந்த ஓவியம் சில பத்தாண்டுகளிலேயே உதிரத் தொடங்கியது. ஆகவே காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி, சிறு குழுக்களை 15 நிமிடம் மட்டுமே உள்ளே விடுகிறார்கள். சில மாதங்களுக்கான சீட்டுகள் ஒருசேர இணையத்தில் விற்பனைக்கு வந்து விரைவில் தீர்ந்துவிடும், திங்கட்கிழமை விடுமுறை. சீட்டு கிடைக்காதவர்கள் வழிகாட்டியுடன் செல்லும் சுற்றுலாக்களில் இடம் தேடலாம், விலைதான் கூடுதல். எதிர்ச்சுவரில் மொந்தோர்ஃபானோ என்ற ஓவியர் 1495இல் ஈரப்பூச்சில் வரைந்த சிலுவைக் காட்சி இன்றும் நல்ல நிலையில் இருப்பதைத் திரும்பிப் பார்த்தால், லியோனார்டோவின் சோதனைக்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பது விளங்கும்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஏப்ரலில் நடக்கும் அறைகலன் கண்காட்சியையும், பிப்ரவரி, செப்டம்பர் மாதங்களின் ஃபேஷன் வாரங்களையும் தவிர்ப்பது நல்லது. அப்போது அறை வாடகை வெகுவாக ஏறிவிடும். அங்கே கோடை விடுமுறைக் காலமான ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களில் பல கடைகள் மூடியிருக்கும்.

மல்பென்சா விமான நிலையம் நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து கதோர்னா நிலையத்துக்கும் மத்திய ரயில் நிலையத்துக்கும் ரயில்கள் உண்டு. லினாத்தே விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்கு மெட்ரோவின் நான்காம் வழித்தடமே போதும். மெட்ரோ வாயிலில் வங்கி அட்டையைத் தொட்டே உள்ளே செல்லலாம், ஆனால் வெளியேறும்போதும் அதே அட்டையைத் தொட வேண்டும்.

துவோமோ எனப்படும் நகரின் பேராலயத்துக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடையில், காலையிலேயே செல்லுங்கள். 1386இல் தொடங்கி, கடைசிக் கதவு 1965இல்தான் பொருத்தப்பட்ட கட்டடம் அது. உள்ளே செலவிடும் நேரத்தைவிடக் கூரைத் தளத்துக்கு அதிக நேரம் ஒதுக்கலாம், ஏனெனில் கீழிருந்து கண்ணுக்கு எட்டாத சிற்பங்கள் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. வானம் தெளிவாக இருந்தால் ஆல்ப்ஸ் மலைத்தொடரும் தெரியும். படியேறிச் செல்லும் சீட்டு, மின்தூக்கிச் சீட்டைவிட மலிவு. அருகிலுள்ள கண்ணாடிக் கூரை வணிக வளாகத்தையும் லா ஸ்காலா இசைநாடக அரங்கையும் போகிற வழியிலேயே பார்த்துவிடலாம்.

பிற்பகலைப் பிரேரா ஓவியக்கூடத்துக்கு முழுமையாகக் கொடுங்கள். பாதங்கள் நம்மை நோக்கி நீண்டிருக்க இயேசுவின் உடல் கிடக்கும் மான்தேன்யாவின் ஓவியத்தின் முன் அவசரப்படாமல் நிற்க வேண்டும். மறுநாள் ஸ்ஃபோர்சா கோட்டையில், 1564இல் இறப்பதற்குச் சில நாட்கள் முன்புவரை மைக்கேலாஞ்சலோ செதுக்கி, முடிக்காமல் விட்ட, இறந்த இயேசுவை மரியாள் தாங்கி நிற்கும் ரொந்தனினி பியத்தா சிலையைக் காணலாம். ஆடம்பர ஆடைக்கடைகள் நிறைந்த மொந்தேநாப்போலியோனே தெருவில், வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் அரை மணி நேரம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் போதும் என்பது என் கருத்து.

மாலையில் நவில்யி கால்வாய்க் கரைக்குச் சென்றால், பானத்துடன் சிறு தின்பண்டங்கள் தரும் அப்பெரித்தீவோ கடைகள் வரிசையாக இருக்கும். ஊரின் சிறப்பு அரிசி உணவான குங்குமப்பூ ரிசோத்தோ பார்வைக்குச் சைவமாகத் தோன்றினாலும், மரபுப்படி மாட்டெலும்பு மஜ்ஜையும் இறைச்சிச் சாறும் சேர்த்தே சமைக்கப்படுவதால், சைவ உணவினர் கேட்டறிந்த பிறகே அதை வரவழைக்க வேண்டும்.